மின்கம்பியில் தகைவிலான்கள்

ஐப்பசி மழை ஓய்ந்த மாலைகளில், நெய்வேலி நகரியத்தின் மின்கம்பிகளில், காற்று வரும் திசைக்கே முகம் காட்டி வரிசையாக அமர்ந்திருக்கும் தகைவிலான்களை அண்ணாந்து பாராமல் போகிறவர்களைக் கண்டால் எனக்குச் சற்றே அனுதாபம் உண்டாகிறது. இமயச் சாரலிலும் அதற்கு அப்பாலுள்ள வடதேசங்களிலும் கூடு கட்டும் இந்த ஜீவன், 20 கிராம் அளவே உள்ள தேகத்தோடு இவ்வளவு தூரம் வந்து சேரும் விந்தை ஒருபுறம் இருக்கட்டும். சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் ஓடும் வாய்க்காலின்மேல் தாழ்ந்து வந்து, பறப்பதை நிறுத்தாமல், கீழலகை மட்டும் தோய்த்து ஒரு வாய் நீர் அள்ளிக்கொண்டு எழும் அந்த லாகவம் இருக்கிறதே, நீர்மேல் விழுந்த மெல்லிய கீறல் மறைவதற்குள் பறவை மரங்களுக்கு அப்பால் போய்விடும்.

சில வேளைகளில், வல்லூறு எதுவும் கண்ணுக்குத் தென்படாதபோதே, கம்பி முழுவதும் ஒரே க்ஷணத்தில் காலியாகி, கூட்டம் ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தமர்ந்து, சன்னக் குரலில் ஏதோ விவாதித்துக்கொண்டே, அண்டைப் பறவையின்மேல் இடிக்காதபடி சிறிது விலகி, இறகு கோதத் தொடங்கும். யார் ஆக்ஞையிட்டார்கள், எதற்காக எழுந்தன? வடக்கே திரும்பும் நாளுக்கு ஒத்திகை என்கிறார் உடன் வரும் நண்பர். எனக்கு என்னவோ அது வெறும் குதூகலம் என்றே படுகிறது. பங்குனியில் நடக்கப் போகிற பிரயாணத்துக்கு ஐப்பசியிலேயே எதற்கு ஒத்திகை?