சொறியும் ஜெல்லி மீனும்: அறிவியல் கலைச்சொற்கள் குறித்து ஒரு நோக்கு

பொம்மையார்பாளையத்துக் கரையில் ஒதுங்கும் கூழ்போன்ற உயிரைத் தமிழகக் கடற்கரை மீனவர் 'சொறி' என்பர். தொட்டால் சொறிய வைப்பது என்னும் எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது. அதே கரையில் வளரும் சிறுவன் அறிவியல் நூலைத் திறந்தால், அவ்வுயிர் 'ஜெல்லி மீன்' ஆகிவிடுகின்றது. அதற்கு முதுகெலும்பு இல்லை, செவுளும் இல்லை, அது மீனே அன்று. ஆங்கிலேயர் பழைய பழக்கத்தால் மீன் என்றழைத்த பிழையை நாம் மொழிபெயர்த்து வாங்கிக் கொண்டோம். 'நட்சத்திர மீன்' என்பதும் அத்தகையதே. ஆங்கிலத்திலேயே உயிரியலார் பலர் அதிலிருந்த 'மீனை' நீக்கத் தொடங்கிவிட்டனர்; நாம் இன்னும் நீக்கவில்லை.

இத்துறையில் உழைத்தோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் பிஷ் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் அமைத்தனர். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றிய மணவை முஸ்தபா, கலைச்சொல் அகராதிகளுக்காகவே தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டார். 2017இல் அவர் மறைந்தபோது விட்டுச் சென்ற தொகுதிகளுக்கு ஈடாக ஒரு தனிமனிதர் செய்த பணி அரிது. எனினும் நம் அகராதிகள் பெரும்பாலானவற்றின் அமைப்பிலேயே ஒரு குறை உள்ளது. இடப்புறம் ஆங்கிலச் சொல் நிற்கிறது. வலப்புறம் அதற்கொரு தமிழ் தேடப்படுகிறது. பொருள் எங்கே இருக்கிறது, அதனோடு புழங்குவோர் அதை எவ்வாறு அழைக்கின்றனர் என்ற வினா எழுவதே இல்லை.

இவ்விடத்தில் அறபு மொழியின் அனுபவம் ஒன்றை நினைவுகூர்தல் தகும். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் தியோஸ்கொரிதீஸின் மூலிகை நூலை இஸ்திஃபான் இப்னு பஸீல் அறபியில் பெயர்த்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைத் திருத்தினார். தாம் அறியாத செடிகளுக்கு அவர்கள் சொல் புனையவில்லை. கிரேக்கப் பெயரையே விட்டுவைத்தனர், பின்னர் அறிந்தவர் வருவார் என்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துக் குர்துபாவில் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவையில் அப்பணி தொடர்ந்தது. பைசாந்தியத்திலிருந்து வந்த நிக்கோலஸ் என்னும் துறவியும், யூத அறிஞர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும், முஸ்லிம் மருத்துவர்களும் கூடி, எச்செடிக்கு எப்பெயர் என்று ஆராய்ந்து தெளிந்தனர். இச்செய்தியை இப்னு ஜுல்ஜுல் பதிந்து வைத்தார். நூலுக்கு நூல் பார்த்துச் சொல் செய்யாமல், செடியைக் கண்டு பெயரை உறுதிசெய்த அந்தப் பொறுமையே நமக்குத் தேவையானது.

வேதியியலில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஆக்சிஜன் தமிழகத்தில் பிராணவாயு, உயிர்வளி எனவும் வழங்கும். இலங்கையில் அது ஒட்சிசன். ஒரு பொருளுக்கு நான்கு பெயர். மாறாக, 'காரம்' என்ற ஒரே சொல் மிளகாயின் சுவைக்கும் அமிலத்திற்கு எதிரான பொருளுக்கும் வழங்குகிறது. படிகாரத்தின் பெயரில் காரம் உண்டு. அதன் கரைசலோ அமிலத்தன்மை உடையது! 'அல்கலி' என்பதன் மூலமான அறபுச் சொல் 'அல்-கலீ', உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலைக் குறித்தது. அவ்வினத்து உமரி நம் கடலோரச் சதுப்புகளிலும் வளர்கிறது. உமரிச் சாம்பலைக் காட்டிப் பாடம் தொடங்கும் ஆசிரியருக்குக் காரம் என்றால் என்னவென்று விளக்க அதிக நேரம் பிடிக்காது.

நிலவியலில் மக்கள் சொல் வென்ற இடமும் உண்டு. இதே விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என மதிப்பிடப்படும் மரங்கள், சிலிக்கா ஊறிக் கல்லாகிக் கிடக்கின்றன. சொன்னெரா 1781இலேயே அவற்றைப் பதிந்தார். 'புதைபடிவம்', 'தொல்லுயிர் எச்சம்' என்று நூல்கள் சொல்ல, ஊரார் 'கல்மரம்' என்றனர். பூங்காவின் பெயரும் கல்மரப் பூங்கா என்றே நிலைத்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவரைத் 'தூண்டில் வளைவு' என்று மீனவர் கோரிக்கைகளும் அரசு அறிவிப்புகளும் ஒருசேர வழங்குவதும் இத்தகையதே.

ஆயினும் பொம்மையார்பாளையத்திற்கு மிக அவசியமான சொல் இன்னும் நிலைபெறவில்லை. இக்கரையோரம் ஆண்டு முழுவதிலும் மணல் நகர்வதைக் கூட்டிக் கழித்தால், தெற்கிலிருந்து வடக்கே செல்வதே மிகுதி. 1980களின் பிற்பகுதியில் எழுந்த புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை கரைந்தது. இதை நாளிதழ்கள் 'கடல் அரிப்பு' என்கின்றன. அச்சொல்லில் குற்றவாளி கடலாகிவிடுகிறது! உண்மையில் நிகழ்ந்தது வரவேண்டிய மணல் வராமற்போனதே. ஏரிக்கு 'நீர்வரத்து' என்று சொல்லும் இம்மாவட்ட உழவர் வழக்கைப் பின்பற்றி 'மணல்வரத்து' என்று வழங்கலாம் என்பது நம் கருத்து. வரத்துத் தடைபட்டது என்றால், தடுத்தது எது என்ற வினா தானே எழும்.

இது ஏட்டுப் பூசல் அன்று. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வைக்கப்படும் வரைவறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலும் இருத்தல் வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க, கட்டுமரக்காரர் கையில் கிடைப்பது அச்சுருக்கம் மட்டுமே. அதை மொழிபெயர்ப்பவர் மேசையில் இருப்பவை நம் அகராதிகள்தாம். அவற்றின் அடுத்த பதிப்பைத் தொகுப்போர் கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை ஒருமுறை கரையோரமாக நடந்து, படகடியில் அமர்ந்து கேட்டு எழுதி வருவார்களாக. 'சொறி'யிலிருந்தே தொடங்கலாம்.