நவஹோ மொழியின் அன்றாடச் சொற்களும் ஒலிப்பும்: அகராதி மரபு பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் வாழும் நவஹோ மக்கள் தம்மை ‘டினே’ என்றும் தம் மொழியை ‘டினே பிஸாட்’ என்றும் வழங்குவர். அத்தபாஸ்கன் குடும்பத்தைச் சேர்ந்த இம்மொழியை வீட்டில் பேசுவோர் ஏறத்தாழ 1,70,000 பேர் என அந்நாட்டு மக்கட்கணக்கெடுப்புத் துறை 2011இல் மதிப்பிட்டது. வீட்டில் இம்மொழியைப் பெறாது வளரும் இளையோருக்கு முதலில் கிட்டுவன தண்ணீர், தாய், பணம் என நிரல்படும் சிறு சொற்பட்டியல்களே. அவை மொழியைக் கற்பிக்கின்றனவா, மொழியின் நிழலைக் கற்பிக்கின்றனவா என்பதே இங்கு எழும் வினா.

முதலில் ஒலிப்பைக் கருதலாம். நவஹோவில் அ, எ, இ, ஒ என நான்கே அடிப்படை உயிர்கள். எனினும் குறில் நெடில் வேறுபாட்டுடன் மூக்கொலி வேறுபாடும், உயர் தொனி தாழ் தொனி வேறுபாடும் பொருளை மாற்றுவன. ‘வாய்’, ‘மருந்து’ ஆகிய இரண்டையும் தமிழில் ‘அஸே’ என்றே எழுத இயலும்; முன்னதில் நெட்டுயிர் உயர் தொனி பெறும், பின்னதில் பெறாது. ‘இடையில்’ என்பதும் ‘அதன் சிறகு’ என்பதும், இடைநிற்கும் மெய் மூச்சொலியுடன் வருகிறதா, குரல்வளை அடைப்புடன் வெடிக்கிறதா என்பதாலேயே வேறுபடுகின்றன. இக்குறிகளை நீக்கி அச்சிடும் பட்டியல், மொழியை முன்பே அறிந்தவருக்கு மட்டுமே பயன்படும். புள்ளியிடாது எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தோர் உணர்ந்த இடர்ப்பாடும் இத்தகையதே. அவர்களுக்கோ யாப்பும் பிற ஏடுகளும் துணைநின்றன. தனித்த சொல்லைக் காணும் மாணவருக்கு அத்துணை இல்லை.

அடுத்தது சொல்லின் இயல்பு. ‘தாய்’ என்பதற்குப் பட்டியல்கள் தரும் ‘ஷிமா’ உண்மையில் ‘என் தாய்’ எனப் பொருள்படும். உறவுப்பெயரும் உறுப்புப்பெயரும் உடையவரைச் சுட்டாது இம்மொழியில் வாரா. இன்னாரெனக் குறியாவிடத்தும் ‘யாரோ ஒருவரின் தாய்’ எனப் பொருள்தரும் ‘அமா’ என்பதே வரும். புதுப்பொருள்களுக்குப் பெயரிடும் முறையும் கருதத்தக்கது. பணத்தைக் குறிக்கும் ‘பேஸோ’ ஸ்பானியக் கடன்சொல். ஆயினும் இவ்வகைக் கடன்கள் சிலவே. மோட்டார் வண்டி ‘ச்சிடி’ எனப் பெயர்பெற்றபின், அதன் டயர் ‘வண்டியின் காலணி’ ஆயிற்று. வானூர்தி ‘பறக்கும் வண்டி’ ஆயிற்று. இவ்வாக்கமுறையை விளக்காது முடிந்த சொல்லை மட்டும் தருவது, விதையை விடுத்துக் கனியை மட்டும் கொடுப்பதாகும்.

வினைக்கு வருமிடத்துப் பட்டியல் முறை முற்றிலும் தளர்கிறது. ‘கொடு’ என்னும் ஒற்றை வினை நவஹோவில் இல்லை. கொடுக்கப்படுவது திரண்டதா, நீண்டு விறைத்ததா, மெல்லிய தாள் போன்றதா, திறந்த கலத்தில் உள்ளதா என்பதற்கேற்ப வினையடி மாறும். தாளுக்கும் புத்தகத்துக்கும் பெயர் ஒன்றே. வினையடியே இரண்டையும் பிரித்தறியச் செய்கிறது.

இக்குறைகளைக் களைந்த பெரும்பணி இராபர்ட் யங், வில்லியம் மோர்கன் ஆகிய இருவருடையது. நவஹோவரான மோர்கனின் பங்களிப்பின்றி அது நிறைவேறியிராது. 1980இல் வெளிவந்து 1987இல் திருத்தம் பெற்ற அவர்தம் இலக்கண அகராதி தொனி, நீட்சி, மூக்கொலி ஆகிய அனைத்தையும் பேணுகிறது. எனினும் அதில் வினைகள் முன்னொட்டுகளுடன் கூடிய முழுவடிவிலேயே அகரநிரலாக உள்ளன. ஓரடியிற் பிறந்த வினைகள் பல பக்கங்களில் சிதறிக் கிடப்பதால், அடியையும் முன்னொட்டையும் பிரித்தறியாத தொடக்கநிலை மாணவர் இடர்ப்படுவர். சாலி மிட்ஜெட்டின் துணையுடன் 1992இல் அவர்கள் வெளியிட்ட பகுப்பாய்வுச் சொற்களஞ்சியம் வினையடிகளை முதன்மைப்படுத்தி இக்குறையை நீக்கியது. ஆயின் அதன் கலைச்சொற்கள் மொழியியலாருக்கே உரியன.

ஆகவே, பட்டியலின் எளிமைக்கும் களஞ்சியத்தின் நுட்பத்துக்கும் இடையே ஒரு நூல் தேவைப்படுகிறது. தொனிக்குறி நீங்காமலும், பெயர்கள் உடைமை வடிவங்களோடும், வினைகள் அவை ஏற்கும் பொருள்களோடும் அமைந்த சிறு அகராதியாக அது இருத்தல் வேண்டும். முன்னூறு சொற்களே அதில் இருப்பினும், அவற்றைக் கற்ற பேரப்பிள்ளை தன் பாட்டியிடம் ஒரு குவளை தண்ணீரைப் பிழையின்றிக் கேட்கக்கூடுமாயின், அதுவே அந்நூலின் தகுதிக்குச் சான்றாகும்.