செத்ததை எழுப்பும் பேய்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வீட்டில் முன்னறையில் தறி, பின்னறையில் பழைய கம்ப்யூட்டர். அங்கே அப்பா மிதிபலகையை மிதிக்க, இங்கே நான் பேய்களைச் சுட்டுக்கொண்டிருப்பேன். 1993-இல் வந்த ‘டூம்’ விளையாட்டில் பேய் நெருப்புருண்டை வீசும். ஓர் எட்டு விலகினால் தப்பிக்கலாம்.

அடுத்த ஆண்டே வந்த ‘டூம் 2’தான் என் செல்லம். இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டு, எதிரே ஆர்ச்-வைல் என்ற பேயை நிறுத்தினார்கள். வெளிறிய, ஒல்லி உருவம். நாம் பாடுபட்டுச் சாய்த்த பிணங்களிடம் போய்க் கை நீட்டும். ஒவ்வொன்றாக எழுந்து வரும். நம்மைக் கண்டால் தீ மூட்டும். சுவர் மறைவுக்கு ஓடினால்தான் பிழைப்பு. இந்த ஒன்றால் ஆட்டத்தின் நடையே மாறிப்போனது. கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டவன், யாரை முதலில் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

2004-இன் மூன்றாம் பாகம் ஒரே இருட்டு. டார்ச் பிடித்தால் துப்பாக்கி இல்லை, துப்பாக்கி எடுத்தால் வெளிச்சம் இல்லை. பயம் சரிதான்; ஊர்ந்துபோவது எனக்கு அலுத்தது. 2016-இல் வந்த புதிய ‘டூமில்’ மறுபடி வேகம். 2020-இன் ‘டூம் எட்டர்னல்’ விவகாரமானது: ரம்பத்தால் அறுத்தால் தோட்டா, தீ வைத்தால் கவசம், கையால் முடித்தால் உயிர். எதிரியே மளிகைக்கடை! அதில் மரோடர் என்றொருவன். கண் பச்சையாக மின்னும் நொடியில்தான் அவன்மேல் அடி விழும்.

அப்பாவின் தறியில், உடலோடு கரையைத் தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குக் கரை நாடா வீச மறுபக்கம் ஓர் ஆள் வேண்டும். சின்ன வயதில் அது நான்தான். மரோடர் முன்னால் நிற்கும்போதெல்லாம், அப்பாவின் தலையசைப்புக்காக நாடாவோடு காத்திருந்த கை நினைவுக்கு வரும்.