புளி ஒட்டிய தராசு: ஒரு 2009 ஆய்வுக்கட்டுரை பற்றி

"என் மாற்றத்தால் நிரல் 3% வேகமாச்சு" என்று சொல்லும் யாரும் ஒருமுறை படித்துவிட வேண்டிய கட்டுரை 2009 ஆஸ்ப்ளாஸ் மாநாட்டில் வந்தது. எழுதியவர்கள் டாட் மிட்கோவிச், அமர் திவான், மத்தியாஸ் ஹவுஸ்விர்த், பீட்டர் ஸ்வீனி. வெளிப்படையாக எந்தத் தப்பும் செய்யாமலே தப்பான தரவை உண்டாக்கலாம் என்பதுதான் தலைப்பின் சாரம். கட்டுரையின் பலம் எது, எங்கே இடறுகிறது என்று இங்கே பார்க்கலாம்.

அவர்கள் எடுத்த கேள்வி சின்னது. கம்பைலரில் ஓ2-க்குப் பதில் ஓ3 வைத்தால் நிரல் வேகமாகுமா? ஸ்பெக் சிபியு2006 தொகுப்பின் சி நிரல்களை ஓட்டினார்கள். மாற்றியது இரண்டே விஷயம்: என்விரான்மென்ட் வேரியபிள்களின் மொத்த அளவு, லிங்கருக்கு ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கொடுக்கும் வரிசை. சோர்ஸ் கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனா சில நிரல்களில் "ஓ3 வேகம்" என்ற விடையே "ஓ3 மெதுவு" என்று திரும்பிவிட்டது.

இதில் மாயம் எதுவும் இல்லை. லினக்ஸில் நிரல் தொடங்கும்போது அந்த வேரியபிள்கள் ஸ்டாக்கின் மேல் முனையில் போய் உட்காரும். நிரலின் ஸ்டாக் அதற்குக் கீழேதான் ஆரம்பிக்கும். அளவு மாறினால் லோக்கல் வேரியபிள்களின் முகவரி நகரும். 64 பைட் கேஷ் லைன் ஒன்றுக்குள் இருந்த தரவு இரண்டு லைனில் பிரிந்து விழலாம். யூசர் பெயரும் நீங்கள் நிற்கும் டைரக்டரியின் பெயரும் அந்த வேரியபிள்களில் அடக்கம். அதாவது ஒரே பைனரி ரவி ஓட்டினால் ஒரு நேரம், முத்துக்கிருஷ்ணன் ஓட்டினால் வேறு நேரம் காட்டலாம். லிங்க் வரிசையும் இப்படித்தான். அது ஃபங்ஷன்களின் முகவரியை நகர்த்துகிறது.

"நான் நூறு தடவை ஓட்டிச் சராசரி எடுத்தேனே" என்பதுதான் இதற்கு வழக்கமாக வரும் பதில். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் நூறு தடவை நிறுத்தாலும் அதே தப்பான எடைதான் வரும். அதுவும் ரொம்ப சீராக வரும். திரும்பத் திரும்ப ஓட்டுவது எண்ணின் ஆட்டத்தைக் குறைக்கும், சாய்வைக் குறைக்காது. ஆட்டம் பிடிக்காமல் ஏ.எஸ்.எல்.ஆர். என்ற முகவரிக் குலுக்கலை அணைத்துவிட்டு அளப்பவர்களும் உண்டு. எண் நிலையாக நிற்கும், உண்மைதான். ஆனால் எதேச்சையாகக் கிடைத்த ஓர் அமைப்பில் உறைந்து நிற்கிறது.

ஆஸ்ப்ளாஸ், பாக்ட், பிஎல்டிஐ, சிஜிஓ மாநாடுகளின் 133 கட்டுரைகளையும் அவர்கள் அலசினார்கள். சோதனை முடிவுகள் தந்தவற்றில் ஒன்றுகூட இந்தச் சாய்வைப் போதுமான அளவு கவனிக்கவில்லை. தங்கள் துறையின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லத் துணிவு வேணும்.

இனி என் குறைகள்.

முதலாவது, "சாய்வு" என்ற ஒரே சொல்லில் இரண்டு கேள்விகள் கலந்துவிடுகின்றன. "இந்த மாற்றம் நல்ல மாற்றமா?" என்று கேட்டால் முகவரி அமைப்பு வெறும் இரைச்சல்தான். ஆனால் "நான் வெளியிடப்போகும் இந்த பைனரி வேகமா?" என்று கேட்டால், லிங்கர் தந்த கோட் அமைப்பு பயனர் கையில் அப்படியே போய்ச் சேரும் நிஜம். அங்கே அதைச் சாய்வு என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பிரிவைக் கட்டுரை தெளிவாக வைத்திருந்தால் பாதி விவாதம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது, சோதித்தவை எல்லாம் சிபியுவிலேயே ஓடும் தனி நிரல்கள். நம்மில் பலர் அளப்பது டேட்டாபேஸுக்கும் நெட்வொர்க்குக்கும் காத்திருக்கும் சர்வர்களை. அங்கே புளி வேறு தட்டில் ஒட்டியிருக்கும்: சூடான கேஷ், பக்கத்து விர்ச்சுவல் மெஷின், சிபியு கடிகார வேகத்தின் ஏற்ற இறக்கம்.

மூன்றாவது, மருந்து. பல அமைப்புகளில் குலுக்கி அளக்கச் சொல்கிறார்கள். சரியான யோசனைதான், ஆனால் அதைச் செய்யக் கருவி வேணுமே. 2013-இல் சார்லி கர்ட்சிங்கரும் எமரி பெர்கரும் ஸ்டெபிலைசர் என்ற கருவியில் இதைச் செய்தார்கள். ஓடும்போதே கோட், ஸ்டாக், ஹீப் மூன்றின் இடத்தையும் அது மாற்றி மாற்றி வைக்கும். அதே ஸ்பெக் தொகுப்பில் அளந்தபோது, ஓ2-இலிருந்து ஓ3-க்குப் போவதன் பலனை இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. 2009 கட்டுரை எழுப்பிய சந்தேகத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

இதெல்லாம் கல்விப்புலச் சண்டை என்று விட்டுவிட முடியாது. இல்லாத 2% ஆதாயத்துக்காக ஒரு லூப்பைப் பிரித்து விரித்து, கையால் கேஷ் கட்டி, படிக்க முடியாத கோடை உள்ளே சேர்க்கிறோம். வேகம் அடுத்த கம்பைலர் பதிப்பிலேயே காணாமல் போகலாம். கோட் மட்டும் பத்து வருஷம் இருக்கும், அதைப் பராமரிப்பவர் வேறொருவர்.

கருவி இல்லாமலும் கொஞ்சம் செய்யலாம். பழைய நிரலை மட்டும் எடுங்க. லிங்க் வரிசையைக் குலுக்கி இருபது முப்பது பைனரி கட்டுங்க. என்விரான்மென்ட் அளவையும் மாற்றி ஓட்டுங்க. எந்த மாற்றமும் செய்யாத அந்த நிரலின் நேரம் எவ்வளவு பரவுகிறது என்று குறிச்சுக்குங்க. புது நிரலையும் அதேபோல், பழையதோடு மாற்றி மாற்றி ஓட்டுங்க. இரண்டு பரவலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், பழைய எளிய கோடையே வைத்துக்கொள்ளலாம்.