ஏமாற்றும் பூக்கள்: ஸ்பிரெங்கலும் டார்வினும்

மகரந்தச் சேர்க்கையைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் இரண்டினை இன்றும் ஒப்பிட்டுப் படிக்கலாம். ஒன்று, 1793-ல் பெர்லினில் வெளியான கிறிஸ்டியான் கொன்ராட் ஸ்பிரெங்கலின் நூல். பூக்களின் அமைப்பிலும் கருவுறுதலிலும் வெளிப்பட்ட இயற்கையின் இரகசியம் என்பது அதன் நீண்ட தலைப்பின் பொருள். மற்றொன்று, ஆர்க்கிட் மலர்களைப் பற்றி 1862-ல் சார்லஸ் டார்வின் வெளியிட்ட நூல். டார்வினின் புகழ் உலகறிந்தது. ஸ்பிரெங்கலோ ஸ்பாண்டாவ் நகரில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். ஆயினும் ஒரு முக்கியமான இடத்தில் தலைமையாசிரியர் சொன்னதே சரி என்று பின்னர் தெரிந்தது.

ஸ்பிரெங்கலின் நூல்

பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன என்று கோல்ராய்ட்டர் 1761-லேயே எழுதியிருந்தார். ஸ்பிரெங்கல் அதற்கு மேல் ஒரு படி சென்றார். பூவின் நிறம், மணம், வடிவம், தேன் இருக்கும் இடம் எல்லாம் பூச்சியின் வருகையை ஒட்டியே அமைந்தவை என்றார். 1787-ல் ஒரு ஜெரானியம் பூவின் இதழடியில் இருந்த மெல்லிய மயிர்களை அவர் கண்டார். நெற்றி வியர்வை கண்ணில் விழாமல் புருவம் தடுப்பது போல, மழைநீர் தேனில் கலக்காமல் இம்மயிர்கள் தடுக்கின்றன என்று முடிவு செய்தார். இவ்வாறு ஒவ்வொரு உறுப்புக்கும் பயன் என்ன என்று கேட்டுக் கேட்டு, ஏறத்தாழ 460 தாவர இனங்களை ஆராய்ந்து எழுதினார். இந்த விடாமுயற்சியே நூலின் முதற் சிறப்பு.

பூவின் வாயருகே உள்ள புள்ளிகளும் வளையங்களும் தேனுக்கு வழிகாட்டும் அடையாளங்கள் என்றும் அவர் கூறினார். பல பூக்களில் இந்த அடையாளங்கள் நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களில் மட்டுமே தென்படுகின்றன. தேனீயின் கண் அக்கதிர்களைக் காணும். புறஊதாக் கதிர்களை ரிட்டர் கண்டறிந்ததே 1801-ல்தான். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே கண்ணுக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு ஸ்பிரெங்கல் சரியான கொள்கையை அமைத்துவிட்டார்.

நூலின் குறை எது? ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதை இயற்கை விரும்பவில்லை போலும் என்று எழுதிய அவர், ஏன் விரும்பவில்லை என்று விளக்கவில்லை. விடையின்றி நின்ற நூலை அக்காலத்தவர் பெரிதாக மதிக்கவில்லை. 1794-ல் அவர் பதவியையும் இழந்தார். 1816-ல் மறைந்தார்.

டார்வினின் மறுப்பு

ராபர்ட் பிரவுனின் அறிவுரைப்படி 1841-ல் இந்நூலைப் படித்த டார்வின் இதனைப் பெரிதும் பாராட்டினார். அயல் மகரந்தச் சேர்க்கையால் பிறக்கும் செடிகள் பெரும்பாலும் வலிமையுடன் வளர்கின்றன என்பதைப் பல ஆண்டுச் சோதனைகளால் மெய்ப்பித்து 1876-ல் வெளியிட்டார். ஸ்பிரெங்கல் விட்டுச் சென்ற வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

ஆனால் ஒன்றை டார்வின் ஏற்கவில்லை. சில ஆர்க்கிட் பூக்களில் தேன் சேரும் குழல் உண்டு, தேன் இல்லை. இவை பூச்சிகளை ஏமாற்றும் பூக்கள் என்றார் ஸ்பிரெங்கல். அத்தனை பூச்சிகளும் தலைமுறை தலைமுறையாக ஏமாறுமா என்பது டார்வினின் ஐயம். அவரும் பூக்களை ஆராய்ந்தார். குழலில் தேனைக் காணவில்லை. ஆயினும், குழலின் இரு சவ்வுகளுக்கிடையே நீர்மம் இருக்கிறது, பூச்சி உட்சவ்வைத் துளைத்து அதைக் குடிக்கிறது என்று 1862-ல் எழுதினார்.

இங்கேதான் நூலின் பலவீனம் இருக்கிறது. சவ்வுகளுக்கிடையே நீர்மம் இருந்தது கண்டறிந்த உண்மை. அதுவே பூச்சியின் உணவு என்பது ஊகம். நம்ப முடியாதது என்பது ஒரு கூற்றை மறுக்கப் போதுமான காரணமாகாது. எங்கள் இயற்பியலிலும் இதுவே விதி.

பிற்கால ஆய்வுகள் ஸ்பிரெங்கலின் பக்கமே சாய்ந்தன. ஆர்க்கிட் இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரிசு எதுவும் தராமல் பூச்சியை ஈர்ப்பவை என இன்று கருதப்படுகிறது. டார்வின் ஆராய்ந்த ஆர்க்கிட்டுகளுள் ஒன்றின் குழலில் சர்க்கரைக் கரைசலை ஊற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளிவந்தது. கரைசல் கிடைத்ததும் வண்டுத்தேனீக்கள் அதே செடியிலேயே பல பூக்களை நாடின; ஒரு செடியின் மகரந்தம் அச்செடியின் பூக்களிலேயே சேர்வது மிகுந்தது. தேன் இல்லாதபோது பூச்சி விரைவில் வேறு செடிக்குப் போய்விடுகிறது. ஆகவே ஏமாற்றுவது அயல் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகிறது! டார்வின் தாமே மெய்ப்பித்த கொள்கை, அவர் மறுத்த கூற்றுக்குத் துணை நிற்கிறது.

மாணவர்க்கு

பூ தேனைக் கூலியாகத் தருகிறது, பூச்சி வேலை செய்கிறது என்றே நாம் வழக்கமாகப் பாடம் சொல்கிறோம். பெரும்பான்மைக்கு அது பொருந்தும்; முழு உண்மை அன்று. இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர் ஒன்றை உணர்வர். ஸ்பிரெங்கல் கண்டதைச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. டார்வின் காரணம் கண்டார், ஓரிடத்தில் கண்டதை நம்ப மறுத்தார். நூலாசிரியரின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் பூவைப் பிளந்து பார்க்கும் பழக்கம் மாணவர்களுக்கு வர வேண்டும்.