பல்லவமல்லனுக்கு இரண்டு தகப்பன்

இரண்டாம் நந்திவர்மன் என்று பாடப் புத்தகங்கள் குறிப்பிடும் பல்லவமல்லனுக்கு இரண்டு தகப்பன். அவனுடைய 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உதயேந்திரம் செப்பேடு, அவனைத் தனக்கு முன் ஆண்ட இரண்டாம் பரமேசுவரவர்மனின் மகன் என்கிறது. மறு வருஷத்துக் காசாக்குடிச் செப்பேடு, ஹிரண்யவர்மனுக்கும் ரோகிணிக்கும் பிறந்தவன் என்கிறது. இந்த ஹிரண்யவர்மன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்தவன். பீமவர்மனிலிருந்து எண்ணினால் பல்லவமல்லன் ஆறாவது ஆள். மகேந்திரவர்மன், மாமல்லன், ராஜசிம்மன் என்று காஞ்சியில் ஆண்ட நேர்வழிக்கு அவன் அநேகமாக அந்நியன்.

சரித்திரக்காரர்கள் இந்தச் சிக்கலைச் சுலபமாகத் தீர்த்துவிட்டார்கள். இன்று கையிலிருக்கும் உதயேந்திரம் ஏடு பின்னாளில் எடுக்கப்பட்ட நகல் என்பதை அதன் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. ஆகவே காசாக்குடியை நம்பு, மற்றதைத் தள்ளு. அவர்கள் வேலை அதோடு முடிகிறது. இலக்கிய வாசகனின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு அரசனுக்குத் தகப்பனை மாற்றி எழுத வேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கு, எதனால் வந்தது? பொய்யானாலும் அது ஒரு மனோபாவத்தின் வெளிப்பாடு. தள்ளிவிடக் கூடியதல்ல.

731ஐ ஒட்டிப் பரமேசுவரவர்மன் கங்கர்களோடு நடந்த போரில் மாண்டான். சிம்மாசனம் காலி. அப்புறம் நடந்ததைக் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர் சொல்கிறது. பிரம்மாவிலிருந்து தொடங்கி வரும் வம்ச வரலாறு அங்கே சிற்ப வரிசையாக ஓடுகிறது. பல்லவமல்லன் கதைக்கு வந்ததும் சிற்பத்தோடு எழுத்தும் சேர்ந்துகொள்கிறது. சுவர் முழுவதையும் படம் படமாக வாசித்து அடையாளம் கண்டவர் சி. மீனாட்சி. அந்த நூல் 1941இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

மாத்திரர், கடிகையார், மூலப்பிரகிருதியார் ஹிரண்யவர்மனிடம் போகிறார்கள். அவன் தன் பிள்ளைகளைக் கேட்கிறான். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் மறுக்கிறார்கள். நான்காமவன் போகிறேன் என்கிறான். வயது 12. தகப்பன் தயங்குகிறான். தரணிகொண்டபோசர் என்ற பெரியவர் எடுத்துச் சொன்ன பிறகே மனம் இறங்குகிறான். பையன் மலைகளும் ஆறுகளும் காடுகளும் கடந்து வருகிறான். பல்லவடி அரையர் சேனையோடு எதிர்கொண்டு யானைமேல் ஏற்றி நகருக்குள் அழைத்துப் போகிறார். முடிசூட்டு விழாவில் நந்திவர்மன் என்ற பெயர் கிடைக்கிறது.

இவ்வளவும் அவனே எழுப்பிய கோயில் சொல்லும் கதை. ஜெயித்தவன் கதை. சித்திரமாயன் என்று இன்னொருவன் இருந்தான் என்பதும், நந்திபுரத்தில் முற்றுகைக்குள் அகப்பட்ட பல்லவமல்லனைச் சேனாபதி உதயசந்திரன் மீட்டு, அந்தச் சித்திரமாயனைக் கொன்றான் என்பதும் செப்பேட்டில்தான் வருகின்றன. மகன் என்று எழுதிய அதே உதயேந்திரம் செப்பேட்டில். தகப்பன் பெயரை மாற்றும் அவசியமும் போட்டியாளனைக் கொன்ற செய்தியும் ஒரே ஏட்டில் இருப்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. கேட்டு அழைத்து வந்தார்கள் என்பது கல்லின் நியாயம். பெற்ற பிள்ளை என்பது செம்பின் நியாயம். ஒன்று போதாதபோதுதான் இன்னொன்று தேவைப்படும்.

குடும்பம் இங்கே பிறப்பால் மட்டும் வருவதில்லை, செய்துகொள்ளப்படுகிறது. சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்து, ராஜசிம்மேசுவரத்துச் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததைக் கோயில் தூணிலேயே கன்னடத்தில் பொறித்துவிட்டுப் போனான். அடுத்து ராஷ்டிரகூட தந்திதுர்க்கன் காஞ்சி அரசனை வென்றதாகச் சொல்லிக்கொண்டான். பல்லவமல்லனின் ராணி ரேவா அந்தத் தந்திதுர்க்கனின் மகள் என்பது ஆய்வாளர் முடிவு. பிறந்த பிள்ளைக்குத் தந்திவர்மன் என்று பெயர். தாய்வழிப் பாட்டன் பெயர் பல்லவ சிம்மாசனத்தில் ஏறியது. அது மட்டுமா, உத்திரமேரூர் ஏரிக்குக் கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று பெயர். வைரமேகன் என்பது தந்திதுர்க்கனைக் குறிக்கும் பட்டம் என்பார்கள். எதிரியாக வந்து மாமனாரானவனின் பெயர் நம் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறது.

அரச குடும்பம் என்றால் தகப்பன்வழி ஒற்றைக் கோடு என்று நினைப்பது நம் பழக்கம். காலனி ஆட்சிக்கு முந்திய கிழக்கு ஆப்பிரிக்காவின் புகாண்டா ராஜ்யத்தில் குடிகள் எல்லாம் தகப்பன் குலம்; அரசனான கபாகா மட்டும் தாயின் குலம். எந்தக் குலமும் தன் பெண் வயிற்றுப் பிள்ளையை அரசனாக எதிர்பார்க்கலாம். அங்கே அது வெளிப்படையான ஏற்பாடு. இங்கே பெயர்களில் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நம் சரித்திர நாவல் தொட்டதா என்றால், அதன் நம்பிக்கை வேறு. கல்கியின் கதைகளில் ரத்தம் தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும். 'சிவகாமியின் சபத'த்தில் நாகநந்தி புலிகேசியின் அச்சு. அந்த முகஜாடையின் மீதே கதையின் பெரும்பகுதி நகர்கிறது. 'பொன்னியின் செல்வ'னில் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் முடி பெறுகிறான். ஆனால் அவன்தான் கண்டராதித்தரின் உண்மையான பிள்ளை என்று தெரிந்த பிறகு. பூத்தொடுப்பவனாகவே இருந்து பெற்றிருந்தால் வாசகனின் பிரக்ஞையில் ஒரு அசைவு நிகழ்ந்திருக்கும். கல்கியின் கதை சொல்லும் லாவகத்தைக் குறைத்துப் பேச எனக்கு உத்தேசமில்லை. ஆனால் உதயேந்திரம் ஏட்டை எழுதிய கை எதற்குப் பயந்ததோ, அதற்கே அவருடைய பேனாவும் பயந்தது. வாரிசு இல்லாத சிம்மாசனத்தை இரண்டுமே சகித்துக்கொள்ளவில்லை.

காஞ்சியிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் உத்திரமேரூர். பெருநகர்க்காரர்களுக்கு இரண்டுமே பஸ் தூரம். அங்கேயும் ஒரு வைகுந்தப் பெருமாள் கோயில், அதன் சுவரிலும் எழுத்து. முதல் பராந்தக சோழன் காலத்தில் 919இலும் 921இலும் சபை செய்துகொண்ட ஏற்பாடுகள். 30 குடும்பு, குடவோலை, கால் வேலி இறைநிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரை வயது என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய மேடையிலும் இது பேசப்பட்டது. நிலமில்லாதவன், வேதம் படிக்காதவன், பெண் எல்லோரையும் வெளியே நிறுத்திய ஒரு பிராமண சபையின் விதியை ஜனநாயகத்தின் பிறப்புச் சான்றிதழாக்குவது, பல்லவமல்லனைப் பரமேசுவரவர்மன் மகனாக்கியதைப் போன்ற காரியம்தான். நமக்கும் ஒரு நல்ல தகப்பன் வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தக் கல்வெட்டில் இன்னொரு பகுதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவனுடைய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. யார் உறவினர்? சித்தி, பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாய்மாமன், தகப்பனுடன் பிறந்தவன், சகோதரி புருஷன், மருமகன், தகப்பன், மகன் என்று வரிசையாகப் போகிறது. காஞ்சிச் சுவரின் வம்சாவளி முழுவதையும் தேடினாலும் இத்தனை உறவுமுறை கிடைக்காது. அரசனின் எழுத்து உறவைத் தகுதியாகத் தேடுகிறது, இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்கிறது. ஊரின் எழுத்து உறவை ஒன்றுவிடாமல் எண்ணி வாசலில் நிறுத்துகிறது. குடும்பம் என்பது என்ன செய்யும் என்று அந்தச் சபைக்குக் கூடியிருந்து பார்த்த அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. குடத்திலிருந்து ஓலை எடுக்கவும் அவர்கள் விவரம் அறியாத ஒரு சிறு பையனைத்தான் கூப்பிட்டார்கள். ஓலையில் இருப்பது யார் வீட்டுப் பெயர் என்று அவனுக்குத் தெரியக் கூடாது.

இந்த இரண்டு சுவர்களையும் நாம் மெய்க்கீர்த்தியாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஒன்றில் வம்சப் பெருமை, மற்றதில் ஊர்ப் பெருமை. பெருமையை விலக்கிவிட்டு வாசித்தால் காஞ்சிச் சுவரில் மனித நிலையில் மிஞ்சுவது ஒரு இடம்தான்: மூன்று அண்ணன்மார் மறுத்துவிட்ட பிறகு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அனுப்பலாமா என்று ஹிரண்யவர்மன் தயங்குவது. சுமார் 65 வருஷம் ஆண்டவனின் கதையில் அவன் ஒரு வீட்டுப் பிள்ளையாக இருக்கும் தருணம் அது. போனால் திரும்பி வரமாட்டான் என்று அந்தத் தகப்பனுக்குத் தெரிந்திருக்கும். இன்னொருவன் மகனாக எழுதப்படுவான் என்பது தெரிந்திருக்காது. அந்தத் தயக்கத்தை எழுத உட்காருபவனுக்கு முகஜாடையும் மச்சமும் ரத்த பாசமும் உதவாது. பிள்ளையைக் கேட்டு வந்தவர்கள் முன்னால் வாய் திறக்க முடியாமல் நின்ற ஒருவனைப் பற்றி அவன் யோசிக்க வேண்டியிருக்கும்.