பொறியும் பராமரிப்பு உழைப்பும்: ஹேவாஹெட்டயிலிருந்து ஒரு நோக்கு

டிமென்சியா எனப்படும் மறதிநோய்க்கு ஆளான முதியோரின் பராமரிப்பிற் சமூக றோபோக்களைப் பயன்படுத்துதல் பற்றிய விவாதம் பெரும்பாலும் 'பொறியா, மனிதரா' என்ற எதிர்நிலையிலேயே நடைபெறுகின்றது. இவ்வெதிர்நிலை போதுமானதன்று. பராமரிப்பு என்பது முதலில் ஓர் உழைப்பு. அதனை யார், யாருக்காக, எத்தகைய நிலைமைகளில் ஆற்றுகின்றனர் என்பதே அடிப்படை வினாவாகும்.

இத்தகைய பொறிகளுள் விரிவாக ஆராயப்பட்டது, யப்பானியப் பொறியியலாளர் தக்கானோரி ஷிபாதா உருவாக்கிய 'பாரோ' என்ற கடல்நாய்க் குட்டி. தடவினால் அசையும், குரலெழுப்பும், பேசாது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 28 இல்லங்களைச் சேர்ந்த 415 பேரிடையே வெண்டி மொய்ல் குழுவினர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, வழமையான பராமரிப்பினும் பாரோ மகிழ்ச்சியைக் கூட்டிப் பதற்றத்தைத் தணித்ததெனக் காட்டிற்று. ஆயின், இயக்கம் நிறுத்தப்பட்ட பொம்மையுடன் ஒப்பிடுகையில், ஈடுபாட்டைத் தூண்டியமை ஒன்றிலேயே அது மேம்பட்டது. எனவே, பயன் உண்டு. அப்பயனுக்கு எல்லையும் உண்டு.

றொபர்ட் ஸ்பரோவும் லிண்டா ஸ்பரோவும் 2006இல் எழுதிய கட்டுரை, பொறியிடம் அன்பிருப்பதாக முதியோரை நம்பவைத்தல் அறமாகாது என வாதிடுகின்றது. இவ்வாதம் வலுவானதெனினும், ஏமாற்றப்படும் தனிமனிதரோடு நின்றுவிடுகின்றது. அம்முதியவரைத் தனிமையில் விட்ட சமூக ஏற்பாடு அதன் மையப்பொருளாகவில்லை.

இவ்விடத்தில், யப்பானை றோபோக்கள் காப்பாற்றப் போவதில்லை எனத் தலைப்பிலேயே கூறும் ஜேம்ஸ் றைட்டின் நூல் (2023) முக்கியத்துவம் பெறுகின்றது. யப்பானிய முதியோர் இல்லமொன்றில் அவர் கண்டது, பொறி உழைப்பைக் குறைக்கவில்லை என்பதே. தூக்கும் பொறியான 'ஹக்' சில நாட்களில் ஒதுக்கப்பட்டது. உடற்பயிற்சி காட்டும் 'பெப்பர்' அருகே ஊழியர் ஒருவர் நின்று அதே அசைவுகளைச் செய்ய வேண்டியிருந்தது. பாரோவின் தோலை ஒருவர் உரிக்க முயன்றார். மற்றொருவர் அதனைப் பிரிந்து உண்ணவும் உறங்கவும் மறுத்தார். பொறியைப் பராமரிக்கவும் மனிதர் தேவைப்பட்டனர். பொறிகள் வந்தால், பேச்சும் பழக்கமும் வேண்டாத மலிவான வேலையாகப் பராமரிப்பு மாறி, அது புலம்பெயர் தொழிலாளரிடம் ஒப்படைக்கப்படலாம் என்றும் றைட் அஞ்சுகின்றார்.

அத்தொழிலாளரை அனுப்பும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பராமரிப்புத் துறையை உள்ளடக்கிய திறன்சார் தொழிலாளர் உடன்பாட்டை அது யப்பானுடன் 2019இற் செய்துகொண்டது. எனவே இவ்விவாதத்தை ஹேவாஹெட்டயிலிருந்தும் நோக்குதல் வேண்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இப்பகுதியைச் சேர்ந்ததே.

காலையிற் கொழுந்து பறிக்க மலைக்குச் செல்லும் மகள், மறதிநோயுற்ற தாயை லயத்தில் யாரிடம் விட்டுச் செல்வாள்? குழந்தைக்குப் பிள்ளைக்காம்பரா உண்டு. தாயின் உழைப்பு தோட்டத்திற்குத் தேவைப்பட்டமையால் அது தோன்றிற்று. உழைத்து ஓய்ந்த முதியோருக்கு அத்தகைய ஓர் அறையைத் தோட்டமுறை வகுக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டமோ பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது சுமத்துகின்றது. நாட்கூலியை இழந்தே அம்மகள் அக்கடமையை ஆற்ற முடியும்.

மொழியும் இங்குப் புறக்கணிக்கத்தக்கதன்று. விடியுமுன் எழுந்து 'பெரட்டுக்கு நேரமாச்சு' எனக் கூடையைத் தேடும் மூதாட்டிக்குப் பாரோவின் குரல் ஆறுதலளிக்கலாம், மறுமொழியாகாது. பெரட்டு யாதென அறிந்த ஒருவரே, 'இன்னைக்கு வேலை இல்ல ஆயா' எனக் கூறி அவரை அமர்த்த முடியும்.

பொறியை வெறுத்தொதுக்குதல் நமது நோக்கமன்று. பிள்ளைக்காம்பராவைப் போல முதியோர்க்கும் ஓர் அறை, அங்கு அவர்தம் மொழியறிந்த, பயிற்சியும் தக்க ஊதியமும் பெற்ற ஊழியர்: இவையே முதற்கோரிக்கை. அவை கிட்டியபின் அம்மூதாட்டியின் மடியிற் பாரோவும் இருக்கலாம். அவற்றுக்கு ஈடாக அது வருமாயின், பராமரிப்பின்மையை மறைக்கும் திரையாகவே அமையும்.